சனிக்கிழமைச் சம்பளம், ஏழு நாள் இரவுச் சாப்பாடு

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சம்பளம் வாரக் கணக்கு. சனிக்கிழமை மாலை கையில் பணம் வரும். ஞாயிறு கறி, திங்கள் மீதிக் குழம்பு, செவ்வாய் முட்டை என்று வாரத்தின் முன்பாதி ஜோராகப் போகும். வியாழன் வந்தால் ரசமும் அப்பளமும்தான். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய வேண்டும் என்று ஆரம்பித்த வேலைதான் இந்தச் சிக்கன இரவுச் சமையல். வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, தொடக்கப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மனைவியின் அம்மா. நான் ஓவர்லாக் தைக்கிறேன். மனைவிக்குச் செக்கிங் வேலை. அவளுக்கு ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் நாட்களில் வீடு திரும்ப ஒன்பது ஆகிவிடும். அதனால் இரவுச் சமையல் என் பொறுப்பு. அத்தைக்கு மூட்டு வலி, நின்று சமைக்க முடியாது. ஆனால் கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பில் எது தீய்கிறது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார்.

பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதிய உணவும் அரசுப் பள்ளியிலேயே கிடைக்கின்றன. காலை உணவுத் திட்டம் 2022-ல் மதுரையில் தொடங்கியது. மறு ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் ஐந்து பேரும் சேர்ந்து சாப்பிடுவது இரவில்தான். மளிகைப் பணத்தில் பெரும்பகுதி போவதும் அதற்குத்தான்.

முதலில் செய்தது சமையல் அல்ல, கணக்கு. பழைய நோட்டு ஒன்றில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வாங்கினோம், எவ்வளவு ஆயிற்று என்று எழுதிக்கொண்டே வந்தேன். அரிசிக்குச் செலவே இல்லை. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். ஆகப் பணம் தின்றது சோறு அல்ல, சோற்றைச் சுற்றியிருந்தவை. தெருவண்டியில் கேட்ட விலைக்கு வாங்கிய காய், தேங்காய், மசாலா பாக்கெட்டுகள், புதன்கிழமை அலுப்பில் வாங்கிவந்த புரோட்டா. எல்லாவற்றையும் விட என்னைத் திகைக்க வைத்தது பிஸ்கட். ரசச் சோறு சாப்பிட்ட நாட்களில் பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு மறுபடி பசிக்கும். பிஸ்கட் பாக்கெட் பிரியும். சிக்கனமாகச் சமைத்ததாக நினைத்த நாள்தான் கூட்டிப் பார்த்தால் அதிகச் செலவான நாள்.

அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்த இரவானாலும் பருப்போ பயறோ தட்டில் இருக்க வேண்டும், அதுவும் பெயருக்கு மேலே மிதக்காமல் கரண்டியில் கனமாக வர வேண்டும். ரேஷன் பொருளையும் கேஸையும் கழித்துவிட்டு ஒரு இரவுக்கு 80 ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்பது கணக்கு. யூடியூபில் சிக்கனச் சமையல் என்று தேடிப் பார்த்தேன். முதல் வீடியோவில் பனீர், இரண்டாவதில் முந்திரி அரைத்து ஊற்றினார்கள். மூடிவிட்டு அத்தையிடமே கேட்டேன்.

ரேஷன் அரிசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதை மாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு சோற்றுக்குக் கடை அரிசி வாங்குகிறார்கள். மூட்டை வாடை அடித்தால் கல் உப்பு ஒரு கைப்பிடி போட்டுத் தேய்த்துக் கழுவி, நான்கைந்து தண்ணீர் மாற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டால் வாடை பெரும்பாலும் போய்விடும். ஊறிய புழுங்கல் அரிசி ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர். கழுவும்போது சில அரிசிகள் மட்டும் வேறு வெள்ளையாக மேலே மிதக்கும். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவிலேயே இயந்திரத்தில் செய்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தது. எறியவேண்டியதில்லை. வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் அந்தச் சத்தில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும் என்பதால் நான் குக்கரில் தண்ணீர் அளவாக வைத்து வற்றவிடுகிறேன். வடித்தே பழகியவர்கள் கஞ்சியை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வாரத்தில் ஒரு நாள் அரிசிம்பருப்பு கட்டாயம். கொங்குப் பக்கத்தில் இதைச் சமையல் என்றே யாரும் மதிப்பதில்லை. ஒன்றும் இல்லாத நாளில் செய்வது. அதனாலேயே நம் காரியத்துக்கு உகந்தது. அரிசி இரண்டரை டம்ளர், துவரம்பருப்பு முக்கால் டம்ளர். எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டிய பூண்டு, இரண்டாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தக்காளி ஒன்று, மஞ்சள் தூள். வதங்கியதும் ஊறிய அரிசியையும் பருப்பையும் போட்டு, பத்து டம்ளர் தண்ணீர் ஊற்றி மூன்று விசில். குழைந்து வர வேண்டும். உதிரி உதிரியாக நின்றால் அது வேறு பண்டம். கடைசியில் மிளகைத் தட்டிப் போட்டுக் கிளற வேண்டும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும், மோர் இருந்தால் யோகம். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, 25 ரூபாய்க்கு மேல் ஆகாது. ரேஷன் பருப்பு ஒரு கிலோதான் என்பதால் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்தால் மாதக் கடைசியில் சாம்பார் இருக்காது.

பருப்புக்கு அடுத்த கை கொள்ளு. எங்கள் தெருக் கடையில் கிலோ 90 ரூபாய். நூறு கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம், துவரம்பருப்புக்குச் சளைத்ததில்லை. கால் கிலோ கொள்ளில் ஐந்து பேருக்கு ரசமும் ஆகும், கடைசலும் ஆகும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொல்லி இதை உடம்பு இளைக்கும் மருந்தாக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இது வயிறு நிரப்பும் சாப்பாடு.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கொள்ளைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்குவேன். கொள்ளும் கல்லும் ஒரே நிறம், கண்ணை நம்ப முடியாது. தண்ணீரில் போட்டு அரித்தெடுத்தால் கல் அடியில் தங்கும். ஊறவைத்துவிட்டுப் போனால் மாலையில் இரு மடங்காகியிருக்கும். புதுத் தண்ணீர் ஐந்து டம்ளர் ஊற்றி ஆறு விசில், பிறகு ஆவி தானாக அடங்கும் வரை திறப்பதில்லை. ஒரு மணியை எடுத்து விரலில் நசுக்கினால் தோலும் உள்ளேயும் சேர்ந்து மாவாக வேண்டும். தோல் மட்டும் தனியே வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் இரண்டு விசில் பாக்கி. புளி, தக்காளி எதுவும் இந்தக் கட்டத்தில் கிட்டே வரக் கூடாது; புளிப்பு சேர்ந்தால் எந்தப் பயறும் வேக அடம் பிடிக்கும்.

வெந்ததும் தண்ணீரை வடிக்கும்போது அத்தையின் குரல் வரும். "மாப்பிள்ளை, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், இன்றைய ரசம் அதுதான்." செங்காவி நிறத்தில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும் அந்தச் சாறில் மெல்லிய புளிக்கரைசல், நசுக்கிய தக்காளி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டியது, வெந்த கொள்ளு ஒரு கைப்பிடி மசித்தது எல்லாம் சேர்த்து அடுப்பில் வைத்தால் ஓரத்தில் நுரை கட்டும். நுரை நடுவில் கூடியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் ருசி கெடும்.

கடைசலுக்கு வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில் வரக்கொத்தமல்லி இரண்டு கரண்டி, சீரகம், வரமிளகாய் நான்கு, பூண்டு, சின்ன வெங்காயம், கடைசியாகத் தக்காளி. கொத்தமல்லி வறுபட்டு வாசனை வந்த பிறகே வெங்காயம் போட வேண்டும். ஆறியதும் மீதிக் கொள்ளோடு சேர்த்துக் கடைய வேண்டும். மண்சட்டியும் மத்தும் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். என்னிடம் மிக்ஸிதான், சுவிட்சை ஒரு நொடி திருப்பி நிறுத்தி, மறுபடி திருப்பி நிறுத்தினால் பாதி மசிந்து பாதி முழுசாக இருக்கும். தொடர்ந்து ஓடவிட்டால் களிமண் பதத்துக்குப் போய்விடும், சோற்றில் பிசைய வராது. சூடான சோறு, நடுவில் குழி, அதில் கடைசல், கொஞ்சம் நல்லெண்ணெய். நல்லெண்ணெய் விலைக்குச் சொட்டுக் கணக்குதான், ஆனால் அந்தச் சொட்டு இல்லாமல் கொள்ளு தொண்டையில் இறங்காது. மொத்தம் 45 ரூபாய்க்குள் முடியும். அன்றிரவு பிஸ்கட் பாக்கெட் பிரியாது. கடைசல் மீந்தால் மறுநாள் காலைத் தோசைக்கு ஆகும்.

தட்டைப்பயறு கத்திரிக்காய்க் குழம்பும், பாசிப்பயறு கடைசலும் இதே வழிதான். தனியாக விளக்க ஒன்றுமில்லை.

இட்லி மாவு ஞாயிற்றுக்கிழமை அரைப்பது. ரேஷன் புழுங்கல் அரிசி நான்கு, முழு உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு கரண்டி. 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா கிரைண்டரில் அத்தைக்கு வந்தது இன்னும் ஓடுகிறது. கல் ஒருமுறை கொத்தியதோடு சரி. இந்த அரிசியில் இட்லி கொஞ்சம் மங்கலாக வரும், மெத்தென்றிருப்பதில் குறையில்லை. பிரச்சினை இட்லியில் இல்லை, சட்னியில். 2025-ல் தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தில் ஒரு மூடித் தேங்காய் அரைப்பதற்குக் கை வரவில்லை. பொட்டுக்கடலையும் வரமிளகாயும் பூண்டும் அரைத்த சட்னிக்கு மாறினோம். பீர்க்கங்காய் வாங்கும் வாரத்தில் தோலைத் துவையல் செய்கிறேன்: தோலை எண்ணெயில் சுருள வதக்கி, கொஞ்சம் உளுத்தம்பருப்பு, புளி, மிளகாய். காயை விடத் தோலுக்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி. முள்ளங்கிக் கீரையையும் இப்படிக் கழிக்காமல் பருப்போடு வேகவைக்கலாம். பொடியாக நறுக்கி நன்றாக வதக்கினால்தான் அதன் காட்டம் அடங்கும்.

மாவு புளித்துப்போகும் வியாழக்கிழமைக்கு அடை. டப்பாக்களின் அடியில் கிடக்கும் கடலைப்பருப்பு, துவரை, பாசிப்பருப்பு எல்லாம் சேர்த்து ஒரு டம்ளர், அரிசி இரண்டு டம்ளர், மிளகாய், சீரகம், பெருங்காயம். மூன்று மணி நேரம் ஊறி, ரவை பதத்தில் அரைத்தால் போதும், புளிக்க வேண்டியதில்லை. எதிர் வீட்டு முருங்கை மரம் இந்தத் தெருவுக்கே பொது. ஒரு கொத்து உருவி மாவில் போடுவேன். இரும்புக் கல்லில் கனமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மூடி வைத்து வேகவிட்டால் எண்ணெய் அதிகம் கேட்காது. மீந்துபோன புளித்த மாவையும் இதில் இரண்டு கரண்டி கலந்துவிடலாம். ஆளுக்கு இரண்டுக்கு மேல் யாராலும் சாப்பிட முடியவில்லை.

காய்க்கு ஞாயிறு காலை தென்னம்பாளையம் உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது வைத்த முறைப்படி இன்றும் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய உதவி. விடிகாலையில் போனால் நல்ல காய், கலையும் நேரத்தில் போனால் மலிவான காய். நான் இரண்டாவது ஆள். சொத்தைக் கத்திரிக்காயை மட்டும் எவ்வளவு மலிவானாலும் வாங்குவதில்லை. வெட்டிக் கழித்தது போக மிஞ்சுவதை நிறுத்தால் அது மலிவே அல்ல. வாரம் தாங்கும் காய்களான பூசணி, சேனை, முள்ளங்கி, வாழைத்தண்டு இவற்றுக்கே முதல் இடம். கீரையைத் திங்கள், செவ்வாய்க்குள் முடித்துவிட வேண்டும்.

எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்தது ராகிக் களிதான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ராகியை மாவாகப் பாக்கெட்டில் வாங்குவதைவிடத் தானியமாக வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் அரைப்பது மலிவு. தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2023 முதல் அரிசியில் ஒரு பங்குக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கிறார்கள். எங்கள் கடைக்கு அது வரும் நாளில் வரிசையில் முதல் ஆள் நான்.

அரை டம்ளர் நொய்யை ஐந்து டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டு நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும். அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். கிளறக் கூடாது. இங்கேதான் கை பரபரக்கும். களிக்குச்சியின் காம்பால் குவியலின் நடுவே அடி வரை ஒரு துளை, சுற்றிலும் இரண்டு மூன்று துளைகள். அடுப்பைக் குறைத்து மூடிவிட வேண்டும். சிறிது நேரத்தில் அந்தத் துளைகள் வழியாகக் கொதிநீர் குமிழ் விட்டு மேலே வந்து மாவை நனைக்கும். மாவின் வெளிர் நிறம் மாறி அரக்கு நிறம் ஏறும். பத்து நிமிடம் அப்படியே விட்டால் பச்சை வாசனை போய்விடும். மேலே நிற்கும் தண்ணீரில் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்து, இரண்டு துணிகளால் அழுத்திப் பிடித்துக் கிண்ட வேண்டும். பாத்திரம் சுழலாமல் ஒருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. எங்கள் வீட்டில் பெரியவனுக்கு அந்த வேலை. ஓரத்திலிருந்து நடுவுக்கு மடித்து மடித்துக் கிண்டினால் கட்டி உடையும். இறுகிப்போனால் எடுத்து வைத்த தண்ணீரைத் தெளித்துக்கொள்ளலாம். ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் சிறு தீயில் மூடி வைக்க வேண்டும். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் தொட்டு உருட்டிக் கவிழ்க்க வேண்டியதுதான்.

கீரைக் கடைசலோடு மூன்று பெரியவர்களும் மூச்சுவிடாமல் சாப்பிட்டோம். சின்னவள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு மட்டும் அதே உருண்டையில் வெல்லமும் வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் வைத்துக் கொடுத்தேன். அந்த ஒப்பந்தம் இன்று வரை நிற்கிறது. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பாலுக்கு அதிகம் ஒதுக்க முடியாத வீட்டில் அது சாதாரண விஷயமில்லை. மீந்த களியை இரவே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்து எங்கள் மூவருக்கும் காலை உணவு ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியைத் திடீரென்று நிறுத்தினால் வீட்டில் கலகம் வரும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கோழி, இடையில் மீல்மேக்கர் என்று பேசி முடித்தோம். அதன் எடையில் பாதிக்குப் பாதி புரதம். நூறு கிராம் ஊறினால் ஒரு சட்டி. உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, கையால் ஒட்டப் பிழிந்து, மறுபடி குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிழிந்தால்தான் அந்தச் சோயா வாடை போகும். இந்த இரண்டாவது பிழிதலைத் தவிர்ப்பவர்கள்தான் மீல்மேக்கர் பிடிக்காது என்கிறார்கள். கறிக்கு அரைக்கிற அதே கொத்தமல்லி மிளகு மசாலாவைக் குறைவில்லாமல் அரைக்க வேண்டும். முட்டை நாட்களில் ஐந்து பேருக்கு ஐந்து முட்டை என்று அவிப்பதில்லை. மூன்று முட்டை, நிறைய வெங்காயம், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்துப் பொரியல்.

கேஸ் கணக்கையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும். 14.2 கிலோ சிலிண்டர் நாற்பது நாளுக்கு வந்தால் ஒரு நாள் எரிவாயுச் செலவு 20 ரூபாய்க்கு மேல். பல இரவுகளில் அது காய்ச் செலவை விட அதிகம். எந்தப் பருப்பும் ஊறாமல் அடுப்பேறுவதில்லை என்பதுதான் இதில் பெரிய மிச்சம். சோறு வைக்கும் குக்கரிலேயே மேலே ஒரு கிண்ணத்தில் பருப்பு வேகும். கொதி வந்த பிறகு தீயைப் பெரிதாக வைப்பதால் எதுவும் சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் ஆவியாகும். குழம்பு கொதிக்கும்போது சின்ன பர்னருக்கு மாற்றிவிடுகிறேன்.

80 ரூபாய்க் கணக்கு எல்லா வாரமும் நிற்பதில்லை. விருந்தாளி வந்தால் போயிற்று. வெங்காயம் விலை ஏறினால் போயிற்று. தயிரும் ஒரு தலைவலி. நீல நிற ஆவின் பாக்கெட் அரை லிட்டர் உறை ஊற்றினால் ஒரு நாள் தயிராக ஐந்து பேருக்குப் பற்றாது, இரண்டு நாள் மோராகத் தாராளமாக வரும். மோர் என்றே தீர்மானமாயிற்று.

இந்த வாரத்தோடு ராகி மாவு தீர்கிறது. அடுத்து கம்பு வாங்கச் சொல்லியிருக்கிறார் அத்தை. கம்மஞ்சோற்றுக்குத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, உரலில் குத்தி உமி புடைக்க வேண்டுமாம். வாடகை வீட்டில் உரலுக்கு எங்கே போவது? மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்து முறத்தில் புடைத்துப் பார்க்கப் போகிறேன். முறம் கீழ் வீட்டு அக்காவிடம் இருக்கிறது.